இடிக்குப் பயந்த கப்பற்படை

எங்கள் சுரங்க அணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம், ஸலாம். தலைவியின் கதிரையை விட்டு நான் எழும்பிக் கொஞ்ச நாளாகிறது. மணிக்கட்டு இரண்டும் போய்விட்டன. பகலில் தையல் மெஷின், பின்னேரத்தில் கொம்பியூட்டர் விளையாட்டில் விண்கல் உடைப்பு என்று வருடக்கணக்காக ஒரே கையை இரண்டு வேலைக்கு அனுப்பினால் அது பாவம் என்ன செய்யும்? இரண்டில் ஒன்றை விடுங்கள் என்றார் டொக்டர். தையல் சோறு போடுகிறது, அதனால் விண்வெளியை விட்டேன். விட்ட அன்று அழுதேன் என்பதையும் நானே சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் எங்கள் அணி நிரோஜன் அதைக் கூட்டிப் பெருக்கிச் சொல்லுவான்.

அவன்தான் கேட்டான், "அக்கா, புதுப் பிள்ளையளுக்கு ஒருக்கா நீங்கள் கதையுங்கோ" என்று. கதைத்தால் எனக்குக் கோபம் வரும். எழுதினால் கொஞ்சம் குறைவாக வருகிறது. எந்த விசையை அமத்தினால் லேசர் சுடும், எந்த ட்ரோனை எங்கே பூட்டுவது என்பதையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. அவசரம் தலைக்கு மேல் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்று எந்த வீடியோவிலும் சொல்லமாட்டார்கள். அதை மட்டும் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

உங்களில் பலர் இந்த விளையாட்டின் வியாபாரப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஒரு கிரகத்தில் தாதுவை வாங்கி இன்னொரு கிரகத்தில் விற்றிருப்பீர்கள், கல்லைக் கையால் தொட்டிருக்க மாட்டீர்கள். ஆகவே இரண்டு வார்த்தை. சாதாரண விண்கல்லை லேசரால் சுரண்டினால் துண்டு துண்டாக உதிரும். உதிர்வதைப் பொறுக்கி வர நாங்கள் அனுப்பும் சின்ன ட்ரோன்களுக்கு அணியில் காகம் என்று பெயர். சுட்டால் பறந்து வந்து கொத்திக்கொண்டு போகும், அதனால் அந்தப் பெயர். இதைச் செய்ய ஒரு கையும் அரை மனமும் போதும். நான் கடையில் பிளவுசுக்குக் கை வைத்துக்கொண்டே செய்திருக்கிறேன்.

இதயக்கல் அப்படியில்லை. அது பெரிய கல். நடுவில் நீலக்கரு என்ற தாது இருக்கும். கல்லின் வெடிப்புகளுக்குள் வெடி வைத்துத்தான் அதைத் திறக்க வேண்டும். திரையில் ஒரு அளவுகோல் ஏறும். வெடி குறைந்தால் கல் அசையாது. கூடினால் கோல் சிவப்புக்குப் போய் கல்லும் கருவும் சேர்ந்து தூளாகும். நடுவில் ஒரு நீலப் பட்டை, அங்கே நின்றால்தான் கல் திறக்கும். முதல் வெடியை வைத்ததும் மணிக்கூடு ஓடத் தொடங்கும், அதை நிறுத்த ஏலாது, நேரம் முடிந்தால் வெடிகள் தானாக வெடித்துவிடும். கூடிப்போனால் சின்ன லேசரால் ஒரு வெடியைச் சுட்டு அணைக்கலாம். ஒரு தரம் சுட மட்டும்தான் நேரம் இருக்கும்.

இதை எனக்குப் பழக்கியவரின் பெயர் எனக்குத் தெரியாது. விளையாட்டில் அவருடைய பெயர் வெறும் புள்ளியும் கோடும். புல்மோட்டைப் பக்கம் என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னார். மரியாதை என்ற சாமானை அவர் கண்டதேயில்லை. நான் தையற்காரி என்றதும், "அப்ப சொன்ன நாளைக்கு ஒண்டும் தரமாட்டீங்க" என்றார். அது உண்மைதான் என்றாலும் முதல் நாளே சொல்லும் கதையா?

அவரிடம் ஒரேயொரு பழக்கம் இருந்தது. கடைசி வெடியையும் வைத்தபிறகு, வெடிக்கவைக்கும் விசையை அமத்துவதற்கு முன், இரண்டு கையையும் விசைப்பலகையிலிருந்து தூக்கச் சொல்லுவார். மணிக்கூடு ஓடுகிறது, நெஞ்சு அடிக்கிறது, இந்த மனிதர் கையை எடு என்கிறார்.

"கல்லு வெடிக்கப் போகுது, இப்ப கையை எடுக்கச் சொல்றீங்களே?" என்று கத்தினேன்.

"பதறுற கை பதறட்டும். விசைக்கு மேல வச்சுக்கொண்டு பதறாதீங்க" என்றார்.

நான் கேட்கவில்லை. நல்ல நல்ல கல்லையெல்லாம் வரிசையாகத் தூளாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் வாயாரத் திட்டினார். கடைசியில் அவர் வாய்க்குப் பயந்துதான் கையைத் தூக்கினேன், அன்றைக்குக் கல் திறந்தது. பிறகு ஒருநாள் அவர் வரவில்லை. வேறு விளையாட்டுக்குப் போயிருப்பார், அங்கேயும் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்.

இனி இடிக் கதைக்கு வருகிறேன். வெளியூர் அணிகள் இன்றைக்கும் எங்களைச் சொல்லிச் சிரிக்கும் கதை அது.

உலகத்தில் எத்தனையோ சுரங்க அணிகள் இருக்கின்றன. ஒருவர் ஒரு நாட்டில், மற்றவர் இன்னொரு நாட்டில் இருப்பார். எங்கள் அணியில் அநேகமாக எல்லோரும் திருகோணமலைக்காரர். நான் உட்துறைமுக வீதியில் கடை, நிரோஜன் அன்புவழிபுரம், மற்றவர்கள் லிங்கநகர், கிண்ணியா, மூதூர். அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம். ஐப்பசி மாதம் வந்தபோதுதான் அதில் இருந்த ஓட்டை தெரிந்தது.

எங்கள் ஊரில் முதல் இடி முழங்கினால் என்ன நடக்கும்? ரீவி வயரைக் கழட்டுவார்கள். பிறகு ரவுட்டர், பிறகு கொம்பியூட்டர். வீட்டில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நிரோஜன் வயரிங் வேலை செய்கிறவன், ஊருக்கே கரண்ட் இழுத்துக் கொடுக்கிறவன். அவன் வீட்டில் பிளக் கழட்டும் அதிகாரம் மட்டும் அம்மாவிடம் இருக்கிறது.

அன்றைக்கு நல்ல கல். காகங்கள் நிறையத் தாது சுமந்துகொண்டிருந்தன. சீனக்குடாப் பக்கம் ஒரு முழக்கம் கேட்டது. நிரோஜனின் கப்பல் அப்படியே நின்றது. அடுத்து லிங்கநகர்க் கப்பல்கள் நின்றன. அடுத்தது என்னுடையது, ஏனென்றால் நானும் கழட்டினேன். இந்த விளையாட்டில் தொடர்பு அறுந்தால் கப்பல் உடனே மறையாது, ஓட்ட ஆளில்லாமல் கொஞ்ச நேரம் மிதக்கும். கொள்ளைக்காரக் கப்பல்கள் வந்து பார்த்திருக்கின்றன. தாது நிறைந்த கப்பல்கள் வரிசையாக, ஒரு கப்பலிலும் ஆளில்லை. ஆறுதலாக ஒவ்வொன்றாக உரித்தார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற ஒரே ஆள் ஃபர்ஸானா. அவள் கிண்ணியாக்காரி. என் கடையில் வேலை பார்த்தவள், பிறகு டோஹாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்துப் போனாள். அங்கே பளிச்சென்று வெயில். எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, எல்லாரும் எங்க போனீங்க? நான் மட்டும்தான் நிக்கன். ஒண்டும் விளங்கல்ல!"

"இஞ்ச இடி முழங்குது பிள்ளை."

"யா அல்லாஹ், இடிக்கா போனீங்க?"

மழை விட்டபிறகு அணிக்குள் பெரிய சண்டை. "சத்தியமா நான் கழட்டேல்லை அக்கா, அம்மா கழட்டிப்போட்டா" என்றான் நிரோஜன். இனிமேல் இடி வந்தாலும் யாரும் கழட்டக்கூடாது என்று ஒரு சட்டம் போடுவோம் என்றார்கள் சிலர். நான் மாட்டேன் என்றேன். முந்திய வருடம் நிரோஜன் வீட்டுச் சுவரில் இருந்த பிளக் இடியில் எரிந்து, அவன் அம்மாவின் கை நாள்கணக்காக மரத்துக் கிடந்தது. அந்த மனிசிக்கு நானே வாக்குக் கொடுத்தேன்: என் அணியில் கல்லுக்காக ஒருவரும் இடியில் வயரோடு இருக்கமாட்டார்கள் என்று. கோழைக் கப்பற்படை என்று சொல்பவர்கள் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படிச் சொன்னவர்களில் ஒரு பெரிய அணி இருந்தது. பெயர் வேண்டாம், இன்றைக்கும் அவர்களுக்கு அது நோகும். பல நாட்டு ஆட்கள், எங்களைப்போல் பல மடங்கு கப்பல்கள். எங்கள் விண்கல் வளையத்தின்மேல் அவர்களுக்குக் கண். அதைப் பிடிக்கவேண்டுமென்றால் எங்கள் தளத்தை உடைக்கவேண்டும்.

தளத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் உப்புவெளி. நீங்கள் இப்போது கப்பலைக் கொண்டுவந்து கட்டும் அதே தளம்தான். அதன் மண்டபத்தைக் கட்டியது ஃபர்ஸானா. விளக்கு, உட்கார வாங்கு, வளையம் தெரிகிற பெரிய யன்னல் எல்லாம் அவள் ஒவ்வொன்றாகத் தாது சேர்த்து வாங்கி வைத்தவை. டோஹாவில் வேலை முடிந்ததும் அங்கே வருவாள். நாங்களும் கப்பலைக் கட்டிவிட்டு மைக்கைத் திறந்து வைத்திருப்போம். என் மெஷின் ஓடும் சத்தம், நிரோஜனின் அம்மா ஏசுவது, எங்கேயோ பள்ளிவாசல் பாங்கு, எங்கேயோ நாய். யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. "இதுக்கு ஒரு போன் எடுத்தால் போதாதா?" என்று நிரோஜன் ஒருநாள் கேட்டான்.

"போன் எடுத்தா கதைக்கோணும். இஞ்ச வந்தா சும்மா இரிக்கலாம்" என்றாள் ஃபர்ஸானா.

தளத்தைச் சுற்றி ஒரு கவசம் இருக்கிறது. அது நீலக்கருவைத் தின்றுதான் எரியும். கரு தீர்ந்தால் கவசம் அணையும். கவசம் அணைந்த தளத்தை உடைத்தால் அதிலுள்ள அத்தனையும் அழிந்துவிடும், இடம் உடைத்தவர்களுக்குப் போகும், திரும்பக் கட்ட ஏலாது. இது விளையாட்டின் சட்டம். அந்தப் பெரிய அணி வளையத்திலுள்ள இதயக்கற்களையெல்லாம் தாங்களே உடைத்துத் தீர்த்தது. மிஞ்சிய ஒரேயொரு கல்லைச் சுற்றிக் காவல் போட்டது. அதை அவர்கள் உடைக்கவும் இல்லை. எங்கள் கரு தானாகத் தீரட்டும் என்று காத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குமேல் தாங்காது என்று எங்கள் கணக்குச் சொன்னது. நேரே போய் மோதிப் பார்த்தோம். வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினோம்.

அந்த நாள்களில் ஃபர்ஸானா வேலை முடிந்து வந்து மண்டபத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தாள். வெறும் விளையாட்டுத்தானே என்பவர்களுடன் நான் வாதாடுவதில்லை. அவளுக்கு ஊர் என்று மிச்சம் இருந்தது அந்த மண்டபம்தான், அது போகப்போகிறது என்பது எனக்குத் தெரிந்தது.

ஒன்றை அவள்தான் கண்டுபிடித்தாள். அவர்கள் இடைக்கிடை வந்து தளத்தைத் தாக்கிய நாளெல்லாம் எங்கள் ஊரில் இடி முழங்கிய நாள். பொது அரட்டையில் ஒருவன் ஆங்கிலத்தில் கேட்டும் இருந்தான், இன்றைக்கு உங்கள் ஊரில் மழையாமே என்று. கூடவே ஒரு சிரிப்புப் படம். திருகோணமலையின் வானிலை அறிக்கையைப் பார்த்துத்தான் அவர்கள் படை நடத்தினார்கள்!

எல்லோருக்கும் ஆத்திரம். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஒரு யோசனையும் வந்தது.

சனிக்கிழமை பின்னேரம் இடி மழை என்று அறிக்கை சொன்னது. அவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். நாங்கள் மறையும் நேரத்துக்குக் காத்திருப்பார்கள். விழுகிற தளத்தின்மேல் குண்டு போட்ட ஒவ்வொரு கப்பலுக்கும் விளையாட்டு ஒரு பதக்கம் கொடுக்கும். அந்த ஆசையில் கல்லைக் காவல் காக்கிறவனும் ஓடிவருவான். ஆகவே அவர்கள் எதிர்பார்க்கும் இடியை நாங்களே முன்கூட்டிக் கொடுத்துவிடுவோம் என்றேன். வெயில் எறிக்கும்போதே ஒவ்வொருவராகக் கழட்டுங்கள். ஒழுங்காக வெளியேறினால் திரையில் வேறு மாதிரிக் காட்டும், ஆகவே உண்மையாகவே வயரைப் பிடுங்குங்கள். நிஜ இடி வருமுன் நானும் ஃபர்ஸானாவும் கல்லைத் திறந்து முடித்துவிடுவோம்.

"அவங்கள் எல்லாரும் சேர்ந்து அடிச்சால் கவசம் கெதியாத் தீரும். கல்லும் தூளாப் போச்செண்டால் எங்கட கையாலயே முடிச்ச மாதிரி" என்றான் நிரோஜன். அவன் சொன்னது சரி. அந்த மண்டபத்தில் அதிகம் இழக்கப்போகிறவள் ஃபர்ஸானா, ஆகவே அவளைக் கேட்டேன்.

"காத்துக்கொண்டிருந்தா ஞாயித்துக்கிழமை போயிரும். செஞ்சு பாத்தா சனிக்கிழமை போகும், இல்லாட்டி போகாது. எனக்குச் சனிக்கிழமை லீவுதான் அக்கா" என்றாள்.

சனிக்கிழமை பின்னேரம் வெயில் சுட்டது. என் கடை வாசலில், ஊருக்குள் வழக்கமாகத் திரிகிற மான்களில் ஒன்று குப்பைப் பையைக் கிளறிக்கொண்டிருந்தது. எல்லோரும் போனில் ஒரு கூட்டு அழைப்பில் இருந்தோம். கொம்பியூட்டர் போனாலும் குரல் இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது. நானும் ஃபர்ஸானாவும் வளையத்தில் ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால் எஞ்சினை அணைத்துவிட்டுக் கிடந்தோம். என் கப்பலில் வெடிகள், அவளுடையதில் காகங்களும் பெரிய சரக்கறையும். மற்றவர்கள் தளத்துக்கு முன்னால் அழிந்தாலும் பரவாயில்லை என்ற பழைய கப்பல்களில் நின்றார்கள்.

"நிரோஜன், நீ முதல்" என்றேன். அவன் வீட்டில்தான் வழக்கமாக முதலில் போகும்.

அவன் போனுக்குள்ளால் அம்மாவின் குரல் கேட்டது. "வெயில் எறிக்குது, என்னத்துக்கடா வயரைக் கழட்டுறாய்? மண்டை கிண்டை பழுதாப் போச்சோ?" பாவம், வாழ்நாளில் முதல் தடவையாக மகன் தானாகக் கழட்டுவதைப் பார்த்த அதிர்ச்சி.

அவன் கப்பல் நின்றது. லிங்கநகர்க் கப்பல்கள் நின்றன. கிண்ணியா நின்றது. கொஞ்ச நேரத்தில் என் திரையில் புள்ளிகள் அசைந்தன. கல்லைச் சுற்றி நின்ற காவல் கப்பல்களில் ஒன்று திரும்பியது. அதைப் பார்த்து அடுத்தது. பிறகு எல்லாம் ஒரே ஓட்டம், பதக்கத்துக்கு. கல் தனியே நின்று சுழன்றது.

"போவம்" என்றேன்.

முதல் வெடியைப் பெரிய வெடிப்புக்குள் வைத்தேன். மணிக்கூடு ஓடத் தொடங்கியது. இரண்டாவது நடுத்தரம். மூன்றாவது சின்னது, கல்லின் அந்தப் பக்கத்தில். கோல் ஏறி நீலத்தைத் தாண்டி ஒரு நூல் சிவப்புக்குள் போய் நின்றது. கல்லுக்குள் நான் நினைத்ததைவிட வெடிப்பு ஆழம். ஒன்றை அணைக்க வேண்டும். சின்னதைச் சுடுவோம் என்று கப்பலைத் திருப்புகிறேன், சீனக்குடாப் பக்கம் ஒரு முழக்கம்.

அறிக்கையில் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது, சனியன்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் எனக்கு வந்த யோசனையை மறைக்காமல் சொல்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம்தான், கடையில் நான் மட்டும்தான், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். அடுத்த முழக்கத்தில் கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது. நான் வாக்குக் கொடுத்தது நிரோஜனின் அம்மாவுக்கு. எனக்கு மட்டும் அது செல்லாது என்று ஆக்கினால், அடுத்த முறை இடியில் இன்னொருவர் வயரோடு இருப்பார், நான் எந்த முகத்தோடு தடுப்பேன்? பிளக்கைப் பிடுங்கினேன். திரை கறுத்தது.

அன்று என் கடையில் இடி விழவில்லை. பக்கத்துக் கடையிலும் விழவில்லை. அதனால் நான் கழட்டியது பிழை என்று சொல்ல வருகிறவருக்கு எங்கள் அணியில் இடமில்லை.

போனை எடுத்தேன். "ஃபர்ஸானா, நான் கழட்டிட்டன். வெடி கூடிப்போச்சு. ஒண்டை அணைக்க வேணும்."

"எதை அக்கா?"

அவள் காகம் ஓட்டுகிறவள். ஒரு இதயக்கல்லைக்கூடத் திறந்ததில்லை. சின்னதை என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் என் திரை கறுத்துக் கிடந்தது. கல் சுழன்றுகொண்டிருந்தது. எந்த வெடி இப்போது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

"நீங்கள்தான் பாக்கிறீங்கள். நீங்களே முடிவெடுங்கோ. நீங்கள் என்ன செய்தாலும் எனக்குச் சரி" என்றேன்.

"சின்னதை! சின்னதைச் சுடு!" என்று நிரோஜன் கத்தினான்.

"நிரோஜன், வாயை மூடு!"

மழை கூரைத் தகரத்தில் கொட்டத் தொடங்கியது. ஒரு வீட்டிலும் வெளிச்சமில்லை, எல்லோர் காதிலும் போன். அவள் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று அது நின்றது. அவள் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள் என்று எனக்கு விளங்கியது. நான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததேயில்லை. இத்தனை காலம் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பிறகு ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

"நடுத்தரத்தைச் சுட்டன், கோல் நீலத்துக்கு வந்திட்டு" என்றாள். "சின்னது அந்தப் பக்கம் போயிட்டு, சுத்திப் போக நேரமில்ல. அக்கா... அக்கா, கல்லு திறக்குது. பலாப்பழம் மாதிரித் திறக்குது அக்கா! உள்ளுக்கெல்லாம் நீலம்!"

நான் சின்னதைச் சொல்லியிருந்தால் அவள் சுற்றிப் போயிருப்பாள், பாதி வழியில் கல் தூளாகியிருக்கும். நான் வாயை மூடியதுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய வேலை.

நான் போட்ட கூச்சலில் மழைக்கு என் கடையில் ஒதுங்கி நின்ற ஒரு அம்மா திடுக்கிட்டுப் போனா. "என்ன பிள்ளை, ஆருக்கும் குழந்தை கிழந்தை பிறந்திட்டுதோ?"

"கல்லு உடைஞ்சிட்டுது அன்ரி!"

"நல்லது பிள்ளை. என்ர மனுசனுக்கும் போன வருசம் உடைஞ்சது, அதோட நோவும் போயிட்டுது" என்றா.

விளக்கம் சொல்ல நேரமில்லை. ஃபர்ஸானா காகங்களை விட்டுவிட்டாள். அவள் காகம் விடுவதை நீங்கள் பார்க்கவேண்டும். ஒன்று ஒன்றோடு முட்டாமல், ஒரு துண்டையும் தவறவிடாமல் அள்ளும். சரக்கறை நிறைந்தது. இனித் தளத்துக்குப் போகவேண்டும். அங்கே அந்தப் பெரிய அணி முழுக்க நின்று கவசத்தை அடித்துக்கொண்டிருந்தது.

"கவசம் கண் சிமிட்டுது அக்கா. இன்னும் கொஞ்சந்தான் இரிக்கும்."

"பின்பக்கத்தால போங்கோ."

"சுத்திப் போனா முடிஞ்சிரும். நடுவால போறன்."

போனாள். ஒரு பருத்த சரக்குக் கப்பலை, நீலக்கரு நிறைந்த வயிற்றோடு, அத்தனை துப்பாக்கிக்கும் நடுவால் ஓட்டிக்கொண்டு போனாள். அவர்கள் முதலில் நம்பவேயில்லையாம். இடி முழங்கும் ஊரிலிருந்து ஒரு கப்பல் எப்படி வரும்? அவர்களுக்கு விளங்கும்போது அவள் பாதி தூரம் வந்துவிட்டாள். பிறகு சுட்டார்கள். ஒரு எஞ்சின் போனது. காகங்களின் பெட்டி போனது. "இன்னும் ஓடுது, இன்னும் ஓடுது" என்று அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். நிரோஜனின் அம்மா போனைப் பிடுங்கி, "விடாத பிள்ளை! ஓட்டு!" என்று கத்தினா. என்ன விளையாட்டு என்று அந்த மனிசிக்கு இன்றுவரை தெரியாது.

கவசத்துக்குள் எங்கள் கப்பல் மட்டும்தான் நுழையலாம். அவள் நுழைந்தாள். கருவைக் கொட்டினாள். கவசம் பளீரென்று எரிந்து கிளம்பியது. அணையும் நிலையிலிருந்து கவசம் ஒரேயடியாக எரிந்தால் ஒட்டி நிற்கும் எதிரிக் கப்பலைத் தூக்கி எறியும். அது எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவர்கள் அத்தனை பேரும் பதக்க ஆசையில் கவசத்தில் மூக்கு முட்ட நிற்பார்கள் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. ஒருவன் மிச்சமில்லாமல் சிதறினார்கள். அடுத்த நாள் அந்த அணி எங்கள் வளையத்தை விட்டு வேறு பக்கம் போனது. திரும்பி வரவேயில்லை.

ஆனால் அந்த நேரத்தில் எங்கள் ஒருவருக்கும் அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை. ஊர் முழுக்க இருட்டு, மழை, கழட்டிய வயர்கள். அவள் மட்டும் எரிந்துபோன கப்பலைக் கட்டிவிட்டு அவள் கட்டிய மண்டபத்தில் தனியே நின்றாள். நாங்கள் போனில் சிரித்தோம், அழுதோம், ஒருவர் கதைப்பது மற்றவருக்கு விளங்கவில்லை. அவளும் அழுதாள். "விளக்கெல்லாம் எரியுது அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அன்றைக்கே எனக்குத் தெரியும், எனக்குப் பிறகு இந்தக் கதிரை யாருக்கென்று. நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறவர்கள் எங்கள் அணியில் நிறைய இருந்தார்கள். நான் சொல்லாததை, நான் தப்பாகச் சொல்லியிருக்கக்கூடியதை, ஓடுகிற மணிக்கூட்டுக்கு முன்னால் பார்த்து முடிவெடுத்தவள் அவள் ஒருத்தி. உங்கள் தலைவி அவள்தான். உங்களில் யாருக்காவது அவசரம் தலைக்கு மேல் வரும்போது அவள் "நீங்களே பாருங்க" என்று சொன்னால், கைவிட்டுவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். உங்களை நம்பித்தான் சொல்லுவாள்.

மழை மெல்ல விட்டது. முழக்கம் கடலுக்குள் தூரப் போனது. நான் பிளக்கைச் செருகினேன். திரை வந்து, நட்சத்திரம் வந்து, உப்புவெளி வந்தது. கவசம் பொன்னாக எரிந்துகொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் நிரோஜனின் கப்பல் முளைத்தது. பிறகு லிங்கநகர். பிறகு கிண்ணியா, மூதூர். ஒவ்வொரு வீட்டிலும் வயர் ஏற ஏற, ஒவ்வொரு கப்பலாக வாசலில் வந்து நின்றது.

பெரிய யன்னலில் அவள் நின்றாள்.

"ஈரத்தோட நிக்காதீங்க" என்றாள் டோஹாவிலிருந்து. "உள்ளுக்கு வாங்க எல்லாரும்."